வந்தபோது சாதுவாக இருந்த காப்பக நாய் இப்போது உறுமுகிறதே, என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். காப்பகத்திலிருந்து மூன்று வயது மதிக்கத்தக்க ஆண் நாயைத் தத்தெடுத்து ஐந்து வாரம் ஆகிறது. முதல் வாரம் "இவ்வளவு சாதுவா!" என்று வீடே கொண்டாடியது. அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது: சாப்பாட்டுக் கிண்ணத்துப் பக்கம் போனால் உறுமல், வெளியே கூட்டிப்போனால் மற்ற நாய்களைப் பார்த்து வெறிபிடித்த மாதிரி குரைப்பு, வீட்டுக்குள் சிறுநீர், தனியாக விட்டுப்போனால் கதவைப் பிறாண்டல். போன வாரம் சோபாவிலிருந்து இறக்கப் போன உங்கள் வீட்டுக்காரரின் கையை நோக்கிப் பாய்ந்து வெறும் காற்றைக் கடித்திருக்கிறான். வீட்டில் பாதிப் பேர் "கொண்டுபோய் விட்டுவிடு" என்கிறார்கள். ஒரு ட்ரெய்னர், "யார் எஜமான் என்று காட்டுங்கள், மல்லாத்திப் போட்டு அமுக்குங்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

காப்பக நாய்களை எடுத்துப்போகிறவர்களுக்கு முதல் சில மாதங்கள் கூட இருந்து வழிகாட்டுவதுதான் என் வேலை. உங்கள் கேள்வியில் இருப்பது எனக்குப் பழக்கமான பட்டியல், வரிசைகூட ஏறத்தாழ இதேதான்.

அவசரமான பதில் முதலில். மல்லாத்திப் போடுகிற வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். உறுமினால் அதட்டாதீர்கள். இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு அவனுடைய உலகத்தைச் சின்னதாக்கிவிடுங்கள்: விருந்தாளிகள் வேண்டாம், கூட்டமான இடம் வேண்டாம், குளிப்பாட்டல், நகம் வெட்டல், சொந்தக்காரர் வீட்டுக்குக் காரில் கூட்டிப்போவது எதுவும் வேண்டாம். சாப்பாடு, தூக்கம், மலஜலம் கழிக்க ஓர் அமைதியான இடம், மோந்து பார்க்கக் கொஞ்சம் நேரம், அவ்வளவு போதும். திருப்பி விடுவதா வேண்டாமா என்பதை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டிய அளவுக்கு இதுவரை எதுவும் நடக்கவில்லை.

முதல் வாரம் நீங்கள் பார்த்த சாதுத்தனத்துக்குப் பெரும்பாலும் பயம்தான் காரணம். என்ன செய்தால் என்ன நடக்கும் என்று பிடிபடாத இடத்தில் பல நாய்கள் எதையுமே செய்யாமல் இருந்துவிடும். மூலையில் சுருண்டு படுக்கும், தொட்டால் அசையாது, ஒழுங்காகச் சாப்பிடாது, குரைக்கவே குரைக்காது. வெளியிலிருந்து பார்த்தால் அடக்கமான நாய். காப்பகத்துக்கு வந்து சேர்ந்த முதல் 3 நாட்களில் நாய்களின் ரத்தத்தில் கார்டிசால் என்கிற அழுத்த ஹார்மோன், வீட்டில் இருக்கும் நாய்களைவிடக் கணிசமாக அதிகம் இருப்பதை 1990-களிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு இன்னொரு இடமாற்றம்தான். நல்ல இடத்துக்கு வந்திருக்கிறாய் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லையே.

தத்தெடுக்கிறவர்களிடம் 3-3-3 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மிரட்சி அடங்க 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், இது நம்ம வீடு என்று தோன்ற 3 மாதம். அனுபவத்தில் வந்த கணக்கு அது, ஆய்வில் வந்த எண் இல்லை. சில நாய்களுக்கு ஒரு வருடம்கூட ஆகிறது. ஆனாலும் அதில் ஒரு உபயோகம் உண்டு: இரண்டு மூன்று வாரம் தாண்டிப் பிரச்சினைகள் தலைகாட்டுவது வழக்கம்தான் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஐந்தாவது வாரத்தில் உறுமுகிறான் என்றால் உறுமிக் காட்டுகிற அளவுக்கு அவனுக்குத் தைரியம் வந்திருக்கிறது. எதையும் வெளிக்காட்டாமல் விறைத்துக் கிடக்கிற நாயைவிட உறுமுகிற நாயோடு வேலை செய்வதையே நான் விரும்புவேன், குறைந்தபட்சம் அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிகிறது.

"காப்பகத்தில் எங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். கிண்ணத்தைக் காக்கிற குணம் இருக்கிறதா என்று காப்பகங்களில் சோதித்துப் பார்க்கிறார்கள், ஆனால் அந்தச் சோதனை வீட்டில் நடக்கப்போவதை அவ்வளவு சரியாகச் சொல்வதில்லை. அங்கே உறுமிய நாய்களில் கணிசமானவை வீட்டுக்குப் போனதும் அதை விட்டுவிடுகின்றன, அங்கே சும்மா இருந்தவற்றில் சில வீட்டில் ஆரம்பிக்கின்றன.

சரி, மருத்துவர். குணத்தை மாற்றப் பயிற்சி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே இதைத்தான், பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள், "உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். நாய் வலியை மறைப்பதில் கெட்டிக்காரன். காது உள்ளே புண், உடைந்த பல், இடுப்பு மூட்டில் வலி, தோல் அரிப்பு, வயிற்றுக் கோளாறு, இதில் எது இருந்தாலும் தொட வருகிற கை அவனுக்கு எதிரியாகிவிடும். டேனியல் மில்ஸ் என்கிற கால்நடை நடத்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் 2020-ல் எழுதிய கட்டுரையில், நடத்தைப் பிரச்சினை என்று தங்களிடம் அனுப்பப்படும் விலங்குகளில் குறைத்து மதிப்பிட்டாலே மூன்றில் ஒன்றுக்கு ஏதோ ஒரு வலி இருப்பதாகச் சொல்கிறார்கள். உங்கள் விஷயத்தில் இரண்டு குறிப்பு என் கண்ணில் படுகிறது. சோபாவிலிருந்து இறக்கும்போது எங்கே பிடித்தார்? இடுப்பையோ பின்னங்காலையோ பிடித்திருந்தால் மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் சிறுநீர் போவதற்குச் சிறுநீர்த் தொற்றும் காரணமாக இருக்கலாம், சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீரும். அவன் நடப்பதை, படுக்கையிலிருந்து எழுவதை, படி ஏறுவதை வீட்டிலேயே போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனை மேஜைமேல் பயத்தில் விறைத்திருக்கும் நாய் நொண்டிக் காட்டாது.

இப்போது உறுமல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் நேரம் எடுத்தாலும் படிப்படியாகச் சரியாக வாய்ப்புண்டு, இதில் தப்பாகக் கைவைத்தால் கடியில்தான் முடியும்.

நாய் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. சோபாவில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் அறைக்குள் வருகிறார், அவன் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் திருப்புகிறான், கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறை மாதிரி தெரிகிறது. அவர் கிட்டே வருகிறார், அவன் ஒருமுறை மூக்கை நக்கிக்கொள்கிறான், தூக்கமே இல்லாமல் ஒரு கொட்டாவி விடுகிறான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறான். இதெல்லாம் "கொஞ்சம் தள்ளிப் போயேன்" என்பதுதான், ஆனால் அவர் கவனிக்கவில்லை. "டேய், இறங்கு" என்று கையை நீட்டுகிறார். அதுவரை மூச்சிரைத்துத் திறந்திருந்த வாய் மூடிக்கொள்கிறது, உடம்பு ஒரு நொடி அப்படியே உறைகிறது. அந்த உறைவுதான் கடைசி எச்சரிக்கைக்கு முந்தியது. அதற்கப்புறம் உறுமல், அதற்கும் கை நிற்கவில்லை என்றால் காற்றில் ஒரு கடி. நாயின் வாய் நம் கையைவிடப் பல மடங்கு வேகம். பக்கத்தில் இருந்த கையில் பல் படவில்லை என்றால் படாமல் பார்த்துக்கொண்டான் என்று அர்த்தம். இதைத் தாக்குதல் என்று வீட்டுக்காரர் நினைப்பது நியாயம்தான், அந்த நேரத்தில் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அவன் அவ்வளவு கோபத்திலும் தன்னை அடக்கிக்கொண்டது எனக்கு நல்ல சேதியாகத்தான் படுகிறது.

இந்த நேரத்தில் உறுமலுக்குத் தண்டனை கொடுத்தால் என்ன ஆகும்? உறுமுவது நிற்கும். அதற்குக் காரணமான பயமோ வலியோ அப்படியே இருக்கும், முன்னைவிடக் கூடுதலாகவும் இருக்கும். அடுத்த முறை உறுமலைத் தாண்டி நேரே பல்லுக்குப் போவான். "எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கடித்துவிட்டது" என்று கொண்டுவரப்படும் நாய்களின் கதையைத் துருவிக் கேட்டால், பலதில் முன்பு எப்போதோ உறுமியதற்கு உதை வாங்கிய கதை இருக்கும்.

மல்லாத்திப் போட்டு எஜமான் என்று காட்டுவது எங்கிருந்து வந்தது என்றால், 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் அடைப்பில் இருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரே இடத்தில் அடைத்தால் சண்டைதான் நடக்கும், ஒன்று மேலே வரும். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான், அங்கே தலைமைக்குச் சண்டை என்பது கிட்டத்தட்ட கிடையாது என்று ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் 1999-ல் எழுதினார். ஆல்ஃபா, அதாவது மற்றவற்றை அடக்கி ஆளும் தலைவன், என்கிற பேச்சைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர், அவரே அதைக் கைவிட்டார். தவிர, நாய் ஓநாயும் இல்லை, நீங்கள் நாயும் இல்லை. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது: பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நடத்தை மருத்துவப் பிரிவுக்கு வந்த நாய்களின் சொந்தக்காரர்களிடம் கேட்டு 2009-ல் வெளியான ஆய்வில், மல்லாத்தி அமுக்கப்பட்ட நாய்களில் 31 சதவீதம் திரும்பித் தாக்க வந்தன, அடிக்கவோ உதைக்கவோ செய்யப்பட்டவற்றில் 43 சதவீதம். ஏற்கெனவே சிக்கல் உள்ள நாய்கள்தான் அங்கே வந்திருக்கும், வாஸ்தவம். உங்கள் நாயும் அந்த வகைதானே. அந்த ட்ரெய்னரை மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து, எவ்வளவு அனுபவம் உள்ளவராக இருந்தாலும் சரி.

சரி, உறுமினால் அந்த நொடியில் என்ன செய்வது? நில்லுங்கள். கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி இரண்டடி பின்னால் போங்கள். "அவன் ஜெயித்துவிட்டானே" என்று தோன்றும், தோன்றட்டும். எதற்கு உறுமினான், எவ்வளவு தூரத்தில், யார் இருந்தார்கள், கையில் என்ன இருந்தது என்று எழுதி வையுங்கள், அடுத்த முறை அந்தச் சூழ்நிலையே வராமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. நாய் ஒவ்வொரு முறை உறுமிப் பார்க்கும்போதும் அது அவனுக்குப் பழக்கமாகிறது, சந்தர்ப்பமே கொடுக்காவிட்டால் பழக்கமாக வழியில்லை.

சோபாவுக்கு இதோ வழி. கையால் பிடித்து இறக்குவது இன்றோடு நின்றது, வீட்டில் யாரும் செய்யக்கூடாது. அறைக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நின்று ட்ரீட் டப்பாவைக் குலுக்குங்கள், "வா" என்று சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள், இறங்கி வந்ததும் கொடுங்கள். சோபாவில் அவன் இல்லாத நேரத்திலும், நாளைக்குப் பல முறை, சும்மாவே இந்த "வா" விளையாட்டை விளையாடுங்கள். அது பழகும்வரை நீங்கள் வீட்டில் இருக்கும்போது மெல்லிய லீஷ் ஒன்றைக் கைப்பிடி வளையத்தை வெட்டிவிட்டு ஹார்னஸில் (நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டை) மாட்டித் தரையில் இழுபட விடலாம், அவசரத்துக்கு அந்த நுனியைப் பிடித்தால் போதும், உடம்பைத் தொட வேண்டியதில்லை. சோபாவே வேண்டாம் என்றால் நாற்காலியைக் கவிழ்த்து வைத்து மறித்துவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கூடவே யாரும் வந்து தொந்தரவு செய்யாத ஒரு படுக்கையை மூலையில் கொடுங்கள். வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணிநேரம் தூங்கும், காப்பகத்துச் சத்தத்தில் அவன் அதைத் தூங்கியிருக்க வாய்ப்பில்லை. படுத்திருக்கும் நாயை யாரும் தொடக்கூடாது என்பதைக் குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டுக்காரர் அவனோடு சமாதானமாக வேண்டும் என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பதே பாதி வேலை. அவன் இருக்கிற பக்கமாகக் கடந்து போகும்போது நிற்காமல், பார்க்காமல், ஒரு ட்ரீட்டை அவன் பக்கத்தில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கட்டும். கூப்பிட வேண்டாம், கையிலிருந்து வாங்கவைக்க வேண்டாம், தலையில் தடவ வேண்டாம். அவனாக வந்து மோந்து பார்த்தால் நெஞ்சுப் பக்கம் மூன்று நொடி சொறிந்துவிட்டுக் கையை எடுத்துவிடட்டும், இன்னும் வேண்டும் என்றால் அவனே நெருங்கி வருவான், விலகினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கிண்ணத்துக்கு வருவோம். சாப்பிடும்போது கிண்ணத்துக்குள் கைவிட்டுப் பழக்கு, நடுவில் எடுத்துக் கொடு என்று ஒரு பழைய யோசனை உலவுகிறது. நிம்மதியாகச் சாப்பிடுகிறவனின் தட்டை எடுத்து எடுத்து வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? முதல் இரண்டு வாரம் அவனுக்கு ஒரு தனி அறையிலோ கதவு மூடிய மூலையிலோ சாப்பாடு வையுங்கள், முடித்துவிட்டு அவன் வெளியே வந்தபிறகு போய்க் கிண்ணத்தை எடுங்கள். இதுவே பல வீடுகளில் நிரந்தரத் தீர்வாகப் போதும், அதற்கு மேல் பயிற்சியே தேவைப்படாது.

அதற்கு மேலும் வேண்டும் என்றால், வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவன் சாப்பிடும்போது, உறுமல் வருகிற தூரம் ஆறடி என்றால் நீங்கள் பத்தடியில் நடந்து போங்கள், போகிற போக்கில் ஒரு துண்டைக் கிண்ணத்துப் பக்கம் வீசுங்கள், நிற்காமல் போய்விடுங்கள். ஒரு சாப்பாட்டுக்கு நாலைந்து முறை. சில நாட்களில் உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் அவன் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கி, உடம்பு தளர்ந்து, வால் அசைய, "கோழி எங்கே?" என்று பார்ப்பான். அந்தப் பார்வை வந்த பிறகுதான் ஒரு அடி கிட்டே போக வேண்டும், அதற்கு முன் இல்லை. வேகமாக விழுங்க ஆரம்பித்தாலோ கிண்ணத்தின்மேல் கவிழ்ந்துகொண்டாலோ உறுமாவிட்டாலும் நீங்கள் அதிகம் கிட்டே வந்துவிட்டீர்கள். வாயில் செருப்பையோ எலும்பையோ கவ்வியிருந்தால் பிடுங்காதீர்கள், அதைவிட நல்லதைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள், முடிந்தபோதெல்லாம் அவனிடம் வாங்கியதையும் திருப்பிக் கொடுங்கள். விழுங்கினால் ஆபத்தான பொருள் என்றால் மட்டும் ஒரு கைநிறைய ட்ரீட்டைத் தரையில் இறைத்துவிட்டு எடுங்கள்.

வெளியே குரைப்பது பற்றி. பெரும்பாலான நாய்கள் லீஷில் குரைப்பது பயத்தில், அல்லது அந்த நாயிடம் போகவிடவில்லையே என்ற எரிச்சலில். இரண்டுக்கும் மருந்து தூரம்தான். எதிரே ஒரு நாய் தெரிகிறது, இவன் பார்க்கிறான், காதை நிமிர்த்துகிறான், ஆனால் நீங்கள் கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கிறான், ட்ரீட்டை வாங்குகிறான் என்றால் அந்தத் தூரம் சரி. வாங்காமல் வெறித்துப் பார்க்கிறான் என்றால் தூரம் போதாது. சரியான தூரத்தில் நின்றுகொண்டு, அவன் மற்ற நாயைப் பார்த்தவுடனே வாயில் கோழி வர வேண்டும், அந்த நாய் மறைந்ததும் கோழியும் நின்றுவிட வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் நாய், அப்புறம் கோழி. மாற்றிச் செய்தால், அதாவது நாய் வருவதற்கு முன்னாலேயே கோழியைக் காட்டிக் கவனத்தைத் திருப்ப ஆரம்பித்தால், கோழியைக் கண்டதும் "எங்கேயோ நாய் வருகிறது" என்று பதற ஆரம்பித்துவிடுவான். எதிர்பாராமல் கிட்டத்தில் மோதிக்கொண்டால் பயிற்சியை மறந்துவிட்டு யூ டர்ன் போட்டு நடையைக் கட்டுங்கள். லீஷை இறுக்கி நிறுத்திவைத்துத் திட்டினால் "நாய் வந்தால் கழுத்து வலிக்கும்" என்பதை மட்டும்தான் அவன் கற்பான். இதற்காகவே கழுத்துப்பட்டையில் லீஷ் மாட்டாமல் ஹார்னஸில் மாட்டச் சொல்கிறேன்.

இன்னொன்று, அழுத்தம் ஒரே நாளில் மேலே மேலே சேரும். காலையில் குளிப்பாட்டல், பதினொரு மணிக்குக் கூரியர்காரர், மதியம் பக்கத்து வீட்டில் துளைபோடும் சத்தம், மாலையில் எதிரே ஒரு நாய். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாங்குகிறவன் நாலாவதில் வெடிப்பான், நீங்கள் "நேற்று அதே நாயைப் பார்த்துச் சும்மாதானே இருந்தான்" என்று குழம்புவீர்கள். பெரிதாக ஒரு கலாட்டா நடந்த நாளுக்கு அடுத்த நாள் நடையையே ரத்து செய்யுங்கள். வீட்டிலேயே ட்ரீட்டுகளைத் துண்டுக்குள் சுருட்டி வைத்தோ அட்டைப்பெட்டிகளில் ஒளித்துவைத்தோ தேடவிடுங்கள், இருபது நிமிடம் மூக்கால் தேடிய நாய் தூங்கிப்போகும். தினமும் வெளியே கூட்டிப்போயே ஆக வேண்டும் என்று யாரோ சொல்லிவைத்ததால் தினமும் பயந்து நடுங்கும் நாயை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர்.

சிறுநீர் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொற்று இல்லை என்று உறுதியானதும் குட்டி நாய்க்குச் சொல்லிக்கொடுப்பது போலவே முதலிலிருந்து தொடங்குங்கள்: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும், இடையில் இரண்டு மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறையும் வெளியே. போனதும் அங்கேயே, அந்த நொடியிலேயே ட்ரீட், வீட்டுக்குள் வந்தபிறகு கொடுத்தால் எதற்கு என்று அவனுக்குப் புரியாது. உள்ளே போயிருந்தால் பேசாமல் துடையுங்கள், மூக்கைப் பிடித்துத் தேய்ப்பதெல்லாம் அவனை உங்கள் முன்னால் போகாமல் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்து போகவைக்கும். என்சைம் உள்ள கிளீனரால் கழுவினால்தான் வாசனை போகும், அம்மோனியா கலந்தவை வேண்டாம், அதுவே சிறுநீர் வாடை மாதிரி இருக்கும். யாராவது குனிந்து கொஞ்சும்போது மட்டும் சொட்டுகிறது என்றால் அது பயத்தில் வருவது, கொஞ்சுவதைக் குறைத்தால் நிற்கும்.

தனியாக இருக்கும்போது கதவைப் பிறாண்டுவதுதான் இருப்பதிலேயே நேரம் எடுக்கும் விஷயம். முதலில் பழைய போன் ஒன்றைக் கேமராவாக வைத்துவிட்டு வெளியே போய், என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு மணிநேரம் தூங்கிவிட்டு அப்புறம் எழுந்து செருப்பைக் கடிக்கிறான் என்றால் அது சலிப்பு, கடிக்க ஏதாவது கொடுத்தால் தீரும். நீங்கள் கதவைச் சாத்திய சில நிமிடங்களிலேயே எச்சில் வடிய, மூச்சிரைக்க, கதவையும் ஜன்னலையும் மாறி மாறி முட்டுகிறான், வைத்துவிட்டுப் போன கோழியைக்கூடத் தொடவில்லை என்றால் அது பிரிவுப் பதற்றம். இரண்டாவதுதான் என்றால் அவனைக் கூண்டில் போட்டுப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். கம்பியைக் கடித்துப் பல் உடைந்த, நகம் பிய்ந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். "கத்தி ஓயட்டும், பழகிவிடும்" என்று விடுவதும் வேலைக்காகாது, பதற்றம் பழக்கத்தால் குறையாமல் முற்றிக்கொண்டே போகும்.

வழி என்னவென்றால், அவன் பதறாத நேரத்துக்குள்ளேயே திரும்பி வருவது. அது பத்து நொடியாக இருந்தால் பத்து நொடி. சாவியை எடுங்கள், திரும்ப வைத்துவிட்டு உட்காருங்கள். செருப்பு போடுங்கள், கழற்றுங்கள். சாவிச் சத்தத்துக்கு அவன் தலைதூக்காமல் இருக்கும்போது கதவைத் திறந்து மூடுங்கள், அப்புறம் வெளியே நின்று ஐந்து எண்ணிவிட்டு வாருங்கள். வரும்போதும் போகும்போதும் பெரிய வழியனுப்பு வைபவம் வேண்டாம். நேரத்தை ஒரே சீராகக் கூட்டாமல் நீளமும் குறைவுமாகக் கலந்து கூட்டுங்கள். இந்தப் பயிற்சி நடக்கும் காலம் முழுக்க அவனை உண்மையாகவே தனியாக விடாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்: வீட்டில் யாராவது ஒருவர், நண்பர் வீடு, கூட அழைத்துப்போவது என்று ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். முழுதாக முடியாவிட்டால் முடிந்த அளவுக்கு. கடுமையாக இருந்தால் மருந்தைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஃப்ளூஆக்ஸிடின் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே 2007-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, அது வேலை செய்யத் தொடங்கவே பல வாரங்கள் ஆகும், பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால்தான் பலன். நாயை மயக்கிப்போடுகிற மருந்து இல்லை அது. வீட்டில் மனிதர்களுக்கு வாங்கிவைத்த எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

கதவு பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை. புதிதாக வந்த நாய் பயந்தால் உங்களைத் தேடி வராது, ஓடும். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் எண் இருக்கிறதா, மைக்ரோசிப் இருந்தால் அதன் பதிவில் காப்பகத்தின் எண்ணை மாற்றி உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டீர்களா என்று இன்றைக்கே பாருங்கள்.

இப்போது வீட்டில் நடக்கிற விவாதம். திருப்பி விடுவதைப் பாவம் என்று சொல்கிறவர்கள் உண்டு, நான் அப்படிச் சொல்லமாட்டேன். எந்த அளவுக்கு ஆபத்து என்பதைப் பார்க்க இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் போட்ட ஆறு படிக் கணக்கு உதவும். பல் தோலில் படாதது முதல் படி, பட்டும் துளை விழாதது இரண்டாவது, ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளை, அதுவும் கோரைப்பல்லின் பாதி ஆழத்துக்கு மேல் போகாதது மூன்றாவது. நான்காவதிலிருந்து ஆழமான கடி, பிடித்து உலுக்குவது என்று போகும். நீங்கள் இருப்பது முதல் படியில். இங்கே பொறுமையாக வேலை செய்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. மூன்றாவது படிக்குப் போனாலோ, வீட்டில் சின்னக் குழந்தை இருந்து அவர்களைத் தனித்தனியே வைக்க இடமே இல்லை என்றாலோ, பரிசு முறையில் வேலை செய்கிற நடத்தை நிபுணரையோ நடத்தை மருத்துவரையோ நேரில் வரவழையுங்கள், அதுவரை வீட்டில் மறிப்புக் கதவு போடுங்கள். மசில், அதாவது கடிக்காமல் இருக்க வாய்க்கு மாட்டும் மூடி, மாட்டப் பழக்குவதும் நல்லதுதான், வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் ட்ரீட் வாங்கவும் முடிகிற கூடை வடிவத்தில் வாங்கி, உள்ளே ட்ரீட் வைத்து அவனாகவே மூக்கை நுழைக்கும்படி பல நாட்கள் பழக்குங்கள், பிரச்சினை நடக்கும்போது வலுக்கட்டாயமாக மாட்டுவதற்கு அல்ல. எப்போதாவது தோல் கிழிந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், அவனுக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும்கூட.

நீங்கள் எவ்வளவோ செய்தும் வீட்டில் ஒருவர் நாள் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தால், அல்லது அவனால் உங்கள் வீட்டின் சத்தத்தைத் தாங்கவே முடியவில்லை என்றால், அமைதியான வேறு வீடு அவனுக்கு நல்லதாக இருக்கலாம். அப்போது நடந்ததை மறைக்காமல் காப்பகத்துக்கு எழுதிக் கொடுங்கள், நீங்கள் வைத்திருக்கும் அந்த நோட்டு அடுத்து எடுக்கிறவருக்கு உதவும். இப்போதைக்கு அந்தப் பேச்சை ஒத்திவைக்கலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் உலகத்தைச் சின்னதாக்கிவிட்டு, எத்தனை முறை உறுமினான், எந்தத் தூரத்தில் என்கிற குறிப்போடு திரும்ப எழுதுங்கள். சோபாவில் எங்கே பிடித்தார் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள்.